ஒரே கூண்டில் மூன்று சினை எலி: ஈனும்போது பிரிக்கணுமா, சேர்த்தே விடலாமா?

கூண்டுவரிசை | 3 பிப்ரவரி
விஸ்டார் (ஆய்வக வெள்ளை எலி) காலனி. ஒரு ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கில் சேர்த்து விட்டது. இரண்டுக்கு வயிறு நன்றாகத் தெரிகிறது, மூன்றாவது சந்தேகம். ஆணை எடுத்தாயிற்று. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்தால் ரேக்கில் இடம் போதாது. சுண்டெலியில் இரண்டு மூன்று தாய்கள் ஒரே கூட்டில் குட்டி போட்டு, யார் குட்டி என்று பார்க்காமல் பால் கொடுத்து வளர்ப்பதுதான் வழக்கம். எலியும் கூட்டமாக வாழ்கிற பிராணிதானே? பிரிக்கச் சொல்வது வெறும் பழக்கமா, காரணம் இருக்கிறதா?

உமிமூட்டை | 3 பிப்ரவரி
ஆண் எத்தனை நாள் உள்ளே இருந்தது? ஸ்மியர் (யோனிச் செல்களை ஸ்லைடில் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது) பார்த்தீர்களா?

கூண்டுவரிசை | 3 பிப்ரவரி
ஜனவரி 15 முதல் 25 வரை, பத்து நாள். ஸ்மியர் இல்லை.

உமிமூட்டை | 4 பிப்ரவரி
அப்படியானால் இப்போதைக்குப் பிரியுங்கள்.

பெண் எலிக்கு 4–5 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும். ஆண் பத்து நாள் உள்ளே இருந்தால் ஒருத்தி முதல் இரவே சேர்ந்திருக்கலாம், இன்னொருத்தி நாலாம் இரவில், அன்றைக்குத் தவறியிருந்தால் அடுத்த சுற்றில் எட்டாம் ஒன்பதாம் இரவில். சினைக்காலம் 21 முதல் 23 நாள். ஆக முதல் ஈற்றுக்கும் கடைசி ஈற்றுக்கும் நடுவே ஒரே நாள் இடைவெளியும் இருக்கலாம், பத்து நாளும் இருக்கலாம். எலியைச் சேர்த்து ஈன விடலாமா என்பதற்கு விடை இந்த இடைவெளிதான். ஒத்துப்போகுமா, கடித்துக்கொள்ளுமா என்பதெல்லாம் அதற்கப்புறம்.

இரண்டு நாளுக்குள் என்றால் சேர்த்து விடலாம். மூன்று நாள் என்றால் இரண்டாம் ஈற்று பிறந்தபின் தினமும் குட்டிகளின் வயிற்றில் பால் இருக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். அதற்கு மேல் போனால் தனிக்கூண்டுதான். தேதியே தெரியாதென்றால் மோசமான இடைவெளி என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

கால்நடைக்காரர் | 4 பிப்ரவரி
உமிமூட்டை சொன்ன எல்லைக்குக் காரணம் சேர்க்கிறேன்.

பிறந்த குட்டி 5–6 கிராம். மயிர் கிடையாது, கண்ணும் காதும் மூடியிருக்கும், உடம்புச் சூட்டைத் தானாகக் காத்துக்கொள்ளத் தெரியாது. பத்து நாள் குட்டி மூன்று மடங்குக்கு மேல் எடை, மயிர் போர்த்து, நகர்ந்து போய்த் தானே காம்பைப் பிடிக்கும். பன்றிக்குட்டி தனக்கென ஒரு காம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எலிக்குட்டிக்கு அப்படி இல்லை, ஒரே தடவை பால் குடிப்பதற்குள் பலமுறை காம்பு மாறும். அதனால் புதிதாக ஈன்றவளின் பன்னிரண்டு காம்பிலும் பழைய ஈற்றுக் குட்டிகளே தொங்கும். சின்னது அடியில் மிதிபடும், பால் கிடைக்காமல் குளிர்ந்துபோகும். குளிர்ந்து அசையாமல் கிடப்பதைத் தாய் தின்றுவிடும். காலையில் கூண்டைத் திறக்கிறவர் கார்டில் ‘தாய் குட்டியைத் தின்றது’ என்று எழுதிவிட்டுப் போவார். குட்டி செத்தது பட்டினியாலும் குளிராலும், தின்றது பிறகு.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் மார்த்தா மெக்ளிண்டாக் இருந்த குழு 1990இல் இதைத்தான் வெளியிட்டது. சேர்ந்து ஈனும் நார்வே எலிகளில் (நம் வெள்ளை எலியும் அந்த இனமே) ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிறந்த ஈற்றுகள் தேறின. மூத்த குட்டிகள் இருக்கும் கூட்டில் பின்னால் பிறந்தவைதான் அடிபட்டன. பெண்கள் சேர்ந்து இருப்பதில் கெடுதல் இல்லை. பிந்திப் பிறப்பதில்தான் கெடுதல்.

பெல்லட் | 4 பிப்ரவரி
அப்போ இது ஓரகத்திச் சண்டை இல்லை, ஹாஸ்டல் மெஸ்ஸில் சீனியர்கள் முதலில் புகுந்த கதை.

ஸ்மியர்ராணி | 5 பிப்ரவரி
இடைவெளியைப் பிறகு கணக்குப் போடுவதைவிட முதலிலேயே ஒரே இரவில் சேர்க்கலாமே. செய்முறை:

பெண்களைத் தனியே வைத்து, ஸ்மியர் எடுக்கவும். டிராப்பரில் 0.1–0.2 மி.லி. சலைன், நுனி யோனி வாயிலைத் தொட்டால் போதும், இரண்டு மூன்று முறை மெதுவாக உள்ளே விட்டு இழுத்து ஸ்லைடில் ஒரு சொட்டு. ஆழமாகச் செருகக் கூடாது. கருப்பை வாய் தூண்டப்பட்டால் பொய்ச்சினை வந்துவிடும். அப்புறம் 12–14 நாள் அந்த எலி பருவத்துக்கே வராது. சாயம் வேண்டாம், 10 மடங்கு லென்ஸ் போதும். உருண்டையான, உட்கரு தெரிகிற செல்கள் கொத்தாக இருந்தால் அன்றிரவு சேரும். உட்கரு இல்லாத தகடு மாதிரிச் செல்கள் மட்டும் என்றால் முந்தின இரவே வேளை போய்விட்டது. வெள்ளணுக்களே நிறைந்திருந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும்.

சுற்று 4–5 நாள் என்பதால் எந்த நாளிலும் ஏறக்குறைய நாலில் ஒருத்தி தயாராக இருப்பாள். பன்னிரண்டு பெண்ணுக்கு ஸ்மியர் பார்த்தால் இரண்டு மூன்று கிடைக்கும். அவற்றை மட்டும் அன்று மாலை ஆணோடு விட்டு, மறுநாள் காலை பத்துக்குள் மறுபடி ஸ்மியர். விந்தணு தெரிந்தால் அன்று சினையின் நாள் 0. இல்லையென்றால் கூட்டத்தோடு திரும்பப் போகட்டும். இப்படிச் சேர்த்தவை ஒரே நாளில், தவறினால் ஒரு நாள் முன்பின்னாக ஈனும்.

சேர்ந்தபின் யோனியில் விந்து உறைந்து உண்டாகும் அடைப்பைப் பார்த்துத் தேதி குறிக்கலாம் என்பது சுண்டெலிக்குச் சரி. எலியில் அது சில மணி நேரத்தில் கீழே விழுந்துவிடும். கம்பித் தளம் போட்டு அடியில் தாள் விரித்திருந்தால் தாளில் தேடலாம். உமிக்குள் விழுந்ததை யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

கால்நடைக்காரர் | 5 பிப்ரவரி
ஒரு எச்சரிக்கை. விந்தணு பார்த்த நாளைச் சில ஆய்வுக்கூடங்களில் நாள் 0 என்பார்கள், சிலவற்றில் நாள் 1. ஒரே ரேக்கில் இரண்டு பேர் இரண்டு விதமாகக் கார்டு எழுதினால் இல்லாத ஒரு நாள் இடைவெளி கார்டில் வந்துவிடும், இருப்பது மறைந்தும் போகும். ‘நாள் எத்தனை’ என்று எழுதாமல் ஸ்மியர் பார்த்த தேதியையே எழுதுங்கள். எண்ணுவதை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

கூண்டுவரிசை | 6 பிப்ரவரி
ஸ்மியருக்கான நேரம் தாண்டிவிட்டது. இப்போது மூன்றில் எது முந்தி என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிரித்தால் மூன்று கூண்டு, இரண்டைச் சேர்க்க முடிந்தால் ஒரு கூண்டு மிச்சம்.

உமிமூட்டை | 6 பிப்ரவரி
தராசு. தினமும் ஒரே நேரத்தில் எடை. சினையின் கடைசி வாரத்தில் எடை வேகமாக ஏறும், முன்னே இருப்பதில் ஏற்றம் முதலில் தெரியும். அடுத்து மடி. ஈனுவதற்கு முந்தைய சில நாட்களில் காம்பைச் சுற்றி மயிர் விலகிக் காம்பு பளிச்சென்று தெரியும். கடைசியாகக் கூடு கட்டுவது. காகிதக் கீற்று போட்ட மறுநாள் காலை எது அதை மூலைக்கு இழுத்து வட்டமாகக் குவித்திருக்கிறதோ அது நெருங்கிவிட்டது. ஆனால் மூன்றும் ஒரே கூண்டில் இருக்கும்போது கூடு யாருடையது என்று சொல்ல முடியாது. அதற்காகவாவது இன்றைக்கே பிரித்துவிடுங்கள்.

தேதி தெரிந்த எலியைப் பதினாறாம் நாள் முதல் பதினெட்டாம் நாளுக்குள் ஈனும் கூண்டுக்கு மாற்றிவிட வேண்டும். இருபதில் மாற்றினால் புதுக்கூண்டு மணத்துக்குப் பழகுவதற்குள் ஈற்று வந்துவிடும். தலைச்சன் எலிகள் அந்தக் கலக்கத்தில்தான் குட்டியை அங்கங்கே போட்டுவிட்டுக் கூட்டுக்குக் கொண்டுசேர்க்காமல் விடும்.

பெல்லட் | 7 பிப்ரவரி
தன் குட்டி எது என்று தாய்க்குத் தெரியாதா? தெரிந்தால் அவளவள் குட்டிக்கு அவளவள் பால் கொடுத்துவிட்டுப் போகலாமே.

கால்நடைக்காரர் | 7 பிப்ரவரி
பிரித்து அறிவதற்கான மணம் இருக்கிறது, ஆனால் அதை வைத்து அந்நியக் குட்டியைத் தள்ளுவது அபூர்வம். பால் கொடுக்கும் தாய் கூட்டுக்கு வெளியே எந்தக் குட்டி கிடந்தாலும் தூக்கிக்கொண்டு வரும். ஒரே கூண்டில் இரண்டு பேர் இருந்தால் இந்த நல்ல குணமே தொல்லையாகும். இரண்டு மூலையில் இரண்டு கூடு வைத்துக் கொடுத்தாலும் ஒருத்தி மற்றவளின் குட்டியைத் தூக்கி வருவாள், அவள் திரும்பத் தூக்கிப் போவாள். பெரும்பாலும் ஒரு நாளில் இரண்டும் ஒரே குவியலாகி அடங்கிவிடும். அடங்காமல் இழுபறி தொடர்ந்தால் கழுத்திலும் முதுகிலும் பல் பட்ட காயம் தெரியும். தெரிந்த அன்றே பிரிக்க வேண்டும். குட்டிகளைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக் கொடுத்தால் போதும், சொந்தக் குட்டியைத் தேடிக் கொடுக்கத் தேவையில்லை.

இதைவிட மோசமானது இன்னும் ஈனாதவள் பக்கத்தில் இருப்பது. சினை முற்றிய எலிக்குத் தாய்மைக் குணம் ஈனுவதற்கு முன்பே எட்டிப் பார்க்கும். அவள் ஈன்றவளின் குட்டிகளைத் தன் கூட்டுக்கு இழுத்து வைத்துக்கொள்வாள், ஆனால் மடியில் பால் இருக்காது. இரண்டு நாள் கழித்துத் தன் ஈற்று வரும்போது கூட்டில் ஏற்கெனவே கூட்டம்.

சினையே இல்லாத இளம் பெண்ணை மறந்துபோய் உள்ளே விடுவது மூன்றாவது தவறு. கன்னி எலி புதுக் குட்டியைக் கண்டால் முதலில் விலகும், சிலது கடிக்கும். குட்டிகளோடு தொடர்ந்து இருந்தால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் கூட்டுக்குத் தூக்கி வருவது, நக்குவது என்று தாய் வேலையெல்லாம் செய்யத் தொடங்கும். புதுக் குட்டிக்கு அந்த ஒரு வாரம் ஏது? சந்தேகம் என்கிற உங்கள் மூன்றாவது எலி காலியாகவே இருக்கலாம், அதையும் கணக்கில் வையுங்கள்.

உமிமூட்டை | 8 பிப்ரவரி
இடக் கணக்கையும் பேசிவிடலாம்.

ஆய்வக விலங்குப் பராமரிப்புக்கான அமெரிக்கக் கையேட்டின் 2011இல் வந்த எட்டாம் பதிப்பிலும், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு நெறிமுறையிலும் ஒரு தாயும் அதன் ஈற்றும் இருக்க 800 சதுர செ.மீ. தளம், சுமார் 18 செ.மீ. உயரம். கூடுதலாக ஒவ்வொரு பெரிய எலிக்கும் ஐரோப்பியக் கணக்கில் 400. ஆக இரண்டு தாய்க்கு 1,200. நம்மூரில் அதிகம் புழங்கும் பாலிப்ரொப்பிலீன் எலிக்கூண்டு 41 × 28 செ.மீ. பெருக்கினால் 1,148. அதுவும் மேல் விளிம்பின் அளவு. கூண்டு கீழே குறுகிக்கொண்டே போகும், உள்தளத்தை டேப் வைத்து அளந்தால் இன்னும் குறையும். ஒரு தாய்க்கு அது தாராளம், இரண்டு தாய்க்குப் பற்றாக்குறை, மூன்று தாய் என்பது பேச்சே இல்லை.

தொடக்கத்தில் இடம் போதும் என்றுதான் தோன்றும். இரண்டு தாய்க்கும் சேர்த்து இருபது குட்டி என்று வைத்தால், பிறந்த அன்று எல்லாம் சேர்ந்து 120 கிராம். மூன்றாம் வாரக் கடைசியில் குட்டிக்கு 40 கிராம் என்று வைத்தால் 800 கிராம், கூடவே இரண்டு தாய். மூத்திரம் அதே விகிதத்தில் ஏறும். வாரத்துக்கு இரண்டு முறை உமி மாற்றும் கூண்டை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்ற வேண்டிவரும். காலையில் மூடியைத் திறந்ததும் நவச்சார (அமோனியா) நெடி மூக்கில் ஏறினால் எலிக்கு அது இரவு முழுக்க ஏறியிருக்கிறது.

ஸ்மியர்ராணி | 8 பிப்ரவரி
அந்தக் கணக்குப்படி பதினாலாம் நாள் பிரித்துவிட்டால் என்ன? கண் திறந்திருக்கும், மயிர் இருக்கும். முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு கூண்டு, கடைசி ஒரு வாரத்துக்கு இரண்டு.

உமிமூட்டை | 8 பிப்ரவரி
நல்ல யோசனை. அந்த வயதில் பிரித்தால் தாயும் பதறாது. குட்டிகளை எடை பார்த்துச் சமமாகப் பங்கிட்டுவிடுங்கள், சின்னது எல்லாம் ஒரு பக்கம் சேராமல்.

கூண்டுவரிசை | 10 பிப்ரவரி
6ஆம் தேதி மூன்றையும் பிரித்தோம். ஒன்று 7 காலை ஈன்றது, 11 குட்டி. இரண்டாவது 8 காலை, 9 குட்டி. மூன்றாவதற்கு எடை ஏறுகிறது, கூடு இன்னும் இல்லை. முதல் இரண்டையும் இப்போது ஒன்றாக்கலாமா?

கால்நடைக்காரர் | 10 பிப்ரவரி
வேண்டாம். இடைவெளி ஒரே நாள்தான், அந்த வகையில் பொருத்தம். ஆனால் ஈன்றபின் ஒன்றாக்குவது வேறு, ஒன்றாக இருக்கும்போதே ஈனுவது வேறு. ஈன்ற எலி தன் கூட்டைக் காக்கும் மூர்க்கம் முதல் வாரத்தில் ஏறி, இரண்டாம் வாரத்தில்தான் மெல்ல இறங்கும். இப்போது ஒருத்தியை மற்றவளின் கூண்டில் விட்டால் வந்தவள் கடிபடுவாள், அந்த அமளியில் குட்டி மிதிபடும். பாலூட்டல் முடியும்வரை இருக்கிறபடியே விடுங்கள். சேர்த்து வளர்க்க வேண்டும் என்றால் பால் மறந்த நாள் முதல் ஒன்றாக இருந்த பெண்களை, முடிந்தால் உடன்பிறப்புகளை, ஒரே இரவில் ஆணோடு சேர்த்து, நடுவில் பிரிக்காமலே ஈன விடுவதுதான் முறை.

பெல்லட் | 11 பிப்ரவரி
ஒரு எலிக்குப் பன்னிரண்டு காம்பு, அதனால் பன்னிரண்டு குட்டி வரை கவலையில்லை. சரிதானே?

ஸ்மியர்ராணி | 11 பிப்ரவரி
காம்பை எண்ணிப் பால் அளக்க முடியாது. குட்டிகள் காம்பு மாறிக்கொண்டே இருப்பதால் பதினாலும் பிழைக்கலாம், ஆனால் பால் மறக்கும்போது ஒவ்வொன்றும் இளைத்திருக்கும். வளர்ச்சி சீராக வேண்டும் என்றால் 8 அல்லது 10. நச்சியல் ஆய்வுகளில் நாலாம் நாள் ஈற்றைச் சமன் செய்வது வழக்கம், ஆண் நாலு பெண் நாலு என்று. ஆண் குட்டியில் குதத்துக்கும் குறிக்கும் இடைவெளி பெண்ணைப் போல இரு மடங்கு. தனியாக ஒரு குட்டியைப் பார்த்தால் குழம்பும், இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உடனே தெரியும். ஒன்பது பத்தாம் நாள் வாக்கில் பெண் குட்டிக்குக் காம்புப் புள்ளிகள் தெரியும், அப்போது சரிபார்த்துக்கொள்ளலாம்.

11, 9 என்ற ஈற்றுகளில் ஒன்றை இங்கிருந்து அங்கே மாற்றினால் 10, 10. ஒரே நாள் வித்தியாசம்தான், தாராளமாகச் செய்யலாம்.

உமிமூட்டை | 12 பிப்ரவரி
மாற்றுவதற்குச் சில வரிகள். வாங்கிக்கொள்ளும் தாயைக் கூட்டிலிருந்து எடுத்து வேறு கூண்டில் வைக்கவும். புதுக் கையுறை போட்டு அதே கூட்டின் உமியில் கையைப் புரட்டிவிட்டு, வரும் குட்டியை அந்தக் கூட்டுக் குட்டிகளின் நடுவில் வைத்து அதே கூட்டுத் தாளால் மூடவும். அரை மணி நேரம் விட்டால் எல்லாவற்றிற்கும் ஒரே மணம், ஒரே சூடு வந்துவிடும். சூடு முக்கியம், சில்லிட்ட குட்டியை வைக்கவே கூடாது. உள்ளங்கையில் வைத்துச் சிவந்த பிறகு வைக்கவும். பின் தாயைக் கூட்டுக்கு எதிர் மூலையில் விட்டு, மூடியை மூடிவிட்டுப் போய்விட வேண்டும். உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் கெடுக்கும்.

நாலைந்து மணி கழித்துக் குட்டியின் வயிற்றில் இடப்பக்கம் வெள்ளையாகப் பால் தெரிகிறதா என்று பாருங்கள். தோல் தடித்து மயிர் வரும்வரை, அதாவது முதல் ஐந்தாறு நாள், இந்தச் சோதனை வேலை செய்யும். வந்த குட்டிக்குப் பால் இருக்கிறது, ஆனால் அந்தக் கூட்டின் சொந்தக் குட்டி ஒன்றுக்கு இல்லை என்றால் கூட்டம் அதிகம் என்று பொருள்.

எண்ணிக்கையைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால் அதை நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட முறையில், பயிற்சி உள்ளவர் மட்டும் செய்ய வேண்டும். சும்மா குளிரில் விட்டுவிடுவது முறையே இல்லை. ஆய்வு விலங்குகளுக்கான நம் நாட்டு 1998 விதிகளின்படி இனப்பெருக்கத்துக்கே பதிவு வேண்டும், பதிவேட்டில் பிறந்தது, செத்தது, எடுத்தது எல்லாம் இருக்க வேண்டும்.

கால்நடைக்காரர் | 12 பிப்ரவரி
மூன்றாவது எலிக்கான பராமரிப்பையும் சொல்லிவிடுகிறேன். கூண்டைக் கடைசியாகச் சுத்தம் செய்வது பதினெட்டு, பத்தொன்பதாம் நாள். அதன்பின் ஈன்று மூன்று நாலு நாள் ஆகும்வரை உமி மாற்றவே வேண்டாம். பிறகு மாற்றும்போதும் கூட்டை அப்படியே அள்ளிப் புதுக் கூண்டில் வைத்துச் சுற்றிலும் மட்டும் புது உமி.

உமி நீரை உறிஞ்சும், ஆனால் உமியால் கூடு கட்ட முடியாது. கையால் குவித்தாலே சரிந்துவிடும் பொருள் அது. ஆட்டோக்ளேவ் செய்த மையில்லாத டிஷ்யூ தாள் அல்லது காகிதக் கீற்று ஒரு கைப்பிடி நிறையக் கொடுங்கள். பஞ்சும் நூல் வரும் துணியும் வேண்டாம், குட்டியின் காலில் சுற்றி இறுக்கிவிடும். கம்பித் தளக் கூண்டில் ஈன விடவே கூடாது.

அறை வெப்பம் 18–29 டிகிரி என்று விலங்குச் சோதனைகளுக்கான நம் நாட்டு ஒழுங்குமுறைக் குழுவின் வழிகாட்டுதலில் இருக்கிறது. மேல் எல்லையில் பால் குறைவதைப் பார்க்கலாம், பாலூட்டும் எலி உள்ளிருந்தே சூடு கக்குகிற பிராணி. 22–24இல் வைத்தால் நல்லது. ஏசி காற்று நேரே விழும் மேல்தட்டில் ஈனும் கூண்டை வைக்காதீர்கள்.

தண்ணீர் பாட்டில்: சாதாரண நாளில் 100 கிராம் உடலுக்கு 10–12 மி.லி. தண்ணீர், 5–6 கிராம் தீவனம். பத்துக் குட்டிக்குப் பால் கொடுக்கும் இரண்டாம் வாரத்தில் இரண்டும் இரண்டரை மூன்று மடங்காகும். இரண்டு தாய்கள் இருக்கும் கூண்டில் இரண்டு பாட்டில் கட்டாயம், ஒன்று அடைத்துக்கொண்டால் மற்றது இருக்க வேண்டும். மறுபுறம், எலி உமியைத் தள்ளித் தள்ளிக் குழாய் நுனி வரை மேடாக்கினால் பாட்டில் முழுக்க இறங்கி உமி நனைந்து, காலையில் குளிர்ந்த குட்டிகளைப் பார்ப்பீர்கள். கூட்டு மூலையும் பாட்டில் மூலையும் எதிரெதிராக இருக்கட்டும். அதற்கு எளிய வழி, தாளைப் பாட்டில் இல்லாத மூலையில் போடுவது. எலி பெரும்பாலும் அங்கேயே கட்டும்.

குராய்டன்வாசி | 16 பிப்ரவரி
நான் ஆய்வகம் இல்லை, லண்டன் பக்கம் செல்ல எலி வளர்க்கிறேன். இங்கே எலி வளர்ப்போர் சங்கமே 1976இலிருந்து இருக்கிறது. அக்கா தங்கை இரண்டு, கடையில் வாங்கும்போதே சினை. பல அடுக்குக் கம்பிக் கூண்டு. மேலே சொன்னது எல்லாம் இதற்கும் பொருந்துமா?

உமிமூட்டை | 16 பிப்ரவரி
எலி அதேதான், கூண்டுதான் வேறு. அடுக்குகளை எடுத்துவிடுங்கள். தாய் குட்டியை வாயில் கவ்வி மேல்தட்டுக்கு ஏறும், நடுவில் விட்டால் விழும். கம்பி இடைவெளி ஒன்றேகால் செ.மீ.க்கு மேல் இருந்தால் மூன்று வாரக் குட்டி நழுவி வெளியே போகும். ஈனும் காலத்துக்கு ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி, மேலே கம்பி வலை, அதுவே பாதுகாப்பு. காற்றோட்டம் குறைவு என்பதால் படுக்கையை அடிக்கடி பாருங்கள்.

இரண்டும் எப்போது சினைப்பட்டன என்று தெரியாதல்லவா? இரண்டு தொட்டி வையுங்கள். முதல் ஈற்று பிறந்த இரண்டு நாளுக்குள் மற்றதும் ஈன்றால் ஆளுக்கு ஒரு தொட்டி என்றே விட்டு, கண் திறந்தபின் ஒன்றாக்கலாம்.

இன்னொன்று முக்கியம். கடையில் ஆண் பெண் கலந்து வைத்திருந்தால் இது நடந்திருக்கிறது, வீட்டில் மறுபடி நடக்க விடாதீர்கள். ஆண் குட்டிகளை ஐந்து வாரத்துக்குள் தாயிடமிருந்தும் அக்காள் தங்கைகளிடமிருந்தும் பிரித்துவிட வேண்டும். ஆய்வகத்தில் 21ஆம் நாளே பால் மறக்கச் செய்து ஆண் பெண் பிரிப்பதால் இந்தச் சிக்கல் வருவதில்லை. வீட்டில் வளர்ப்போர் கூடுதல் நாள் தாயோடு விடுவதால் தேதியை மறந்துவிடுகிறார்கள்.

ஸ்மியர்ராணி | 17 பிப்ரவரி
ஆண் என்றதும் ஞாபகம் வருகிறது, இழையில் யாரும் சொல்லாத ஒன்று. ஈன்ற 24 மணி நேரத்துக்குள் எலிக்கு மறுபடி பருவம் வரும். ஆணை எடுக்காமல் விட்ட கூண்டில் குட்டி போட்ட இரவே அடுத்த சினை. அந்தச் சினையில் கணக்கு மாறும். குட்டிகள் பால் குடிக்கிற வரையில் கரு ஒட்டுவது தள்ளிப்போகும், ஈற்றும் நாலு நாள் முதல் ஒரு வாரம் வரை, சில சமயம் அதற்கு மேலும் தள்ளும். 22ஆம் நாள் வரவில்லை என்று ‘சினையில்லை’ என்று கூட்டத்தில் சேர்த்துவிட்டால், அங்கே போய் ஈனும். குட்டி குறைவாக இருந்தால் தள்ளுவதும் குறைவு, அதனால் இரண்டு தாயும் ஒரே தேதியில் சினைப்பட்டாலும் ஈற்று ஒத்துவராது. ஒத்த தேதியில் ஈன வைக்க விரும்பினால் ஈன்ற உடனே சேரும் முறையைத் தொடவே கூடாது.

பெல்லட் | 17 பிப்ரவரி
அப்பா எலி குட்டியைத் தின்னுமா?

ஸ்மியர்ராணி | 17 பிப்ரவரி
அந்தப் பெண்ணோடு சேர்ந்து கூடவே இருந்த ஆண் பெரும்பாலும் தொடாது. அந்நிய ஆண் கொல்லும். எடுக்கச் சொல்வது அதற்காக அல்ல, மேலே சொன்ன அடுத்த சினைக்காகத்தான்.

கூண்டுவரிசை | 20 பிப்ரவரி
மூன்றாவது 14இல் ஈன்றது, 10 குட்டி. முதல் ஈற்றுக்கும் அதற்கும் ஏழு நாள். சேர்த்து வைத்திருந்தால் கடைசி ஈற்று போயிருக்கும் என்பது புரிகிறது.

இன்னொரு கேள்வி. அடுத்த சுற்றில் ஸ்மியர் பார்த்து ஒரே இரவில் சேர்த்து இரண்டிரண்டாக ஈன விட்டால், குட்டி யாருடையது என்று பதிவேட்டில் எப்படி எழுதுவது?

கால்நடைக்காரர் | 21 பிப்ரவரி
எழுத முடியாது. அதனால் முதலில் குட்டி எதற்கு என்று முடிவு செய்யுங்கள். மாணவர் பயிற்சிக்கும் பொதுவான இருப்புக்கும் என்றால் ‘தாய் அ, ஆ, கூட்டு ஈற்று’ என்று எழுதிவிடலாம். ஒரே ஈற்றுக் குட்டிகள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும் என்பதால் நச்சியலிலும் இனப்பெருக்க ஆய்விலும் கணக்கின் அலகு ஈற்றுதான், குட்டி அல்ல. கூட்டு ஈற்றில் அந்த அலகே கலைந்துவிடும், அங்கே தனிக்கூண்டுதான். அடுத்த தலைமுறைக்கு வளர்க்கும் எலிகளும் தனிக்கூண்டில் பிறந்தவையாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் உடன்பிறப்புகளையே ஜோடி சேர்ப்பீர்கள்.

அழியாத மார்க்கரால் வாலில் கோடு போடலாம் என்பார்கள். தாய் நக்கி நக்கி இரண்டு நாளில் மங்கிவிடும், தினமும் மறுபடி போட வேண்டும், அதற்காகக் கூட்டைத் தினமும் கலைப்பதா? முதல் நாளே குட்டிக்குப் பச்சை குத்த முடிந்தால் மட்டும் யோசியுங்கள். ஆனால் அதற்கும் யார் ஈன்றது என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும். இரண்டு பேரும் இரவில் ஈன்றால் காலையில் ஒரே குவியல்.

ஸ்மியர்ராணி | 22 பிப்ரவரி
அதற்கு வழி: மாற்றுத் தாய் முறை. இருவரையும் பதினாறாம் நாள் தனித்தனிக் கூண்டுக்கு மாற்றி, பிறந்த அன்றே குட்டிகளை எண்ணி, எடை போட்டு, கார்டில் எழுதிவிட்டு வைத்துக்கொள்ளலாம். எண்ணிக்கை ஏறுமாறாக இருந்தால் மட்டும் பங்கீடு. சேர்ந்து ஈனுவதில் கிடைக்கும் ஒரே உண்மையான லாபம், ஒரு தாய் செத்தாலோ மடி வீங்கிப் பால் நின்றாலோ மற்றவள் இருக்கிறாள் என்பது. ஒரே நாளில் ஈன்ற இரண்டு தனிக்கூண்டு பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அந்த லாபமும் கையில் இருக்கும்.

உமிமூட்டை | 22 பிப்ரவரி
ஒத்துக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. இன்னொரு லாபமும் உண்டு, கூட்டுச் சூடு. ஒருத்தி தின்ன வெளியே வந்தாலும் மற்றவள் மேலே படுத்திருப்பாள். ஊட்டி மாதிரிக் குளிர்ந்த இடத்தில் இது பெரிய விஷயம். சென்னையில் மே மாதம் அதே லாபம் நட்டம், இரண்டு தாயும் கூட்டை விட்டு விலகி மல்லாந்து கிடக்கும்.

கூண்டுவரிசை | 3 மார்ச்
முதல் இரண்டு ஈற்றும் 28இலும் 1இலும் 21 நாள் முடித்துப் பால் மறந்தன. ஆண் பெண் பிரித்தாயிற்று. தாய்கள் இரண்டையும் பழையபடி ஒன்றாக்கலாமா?

உமிமூட்டை | 3 மார்ச்
கார்டைப் பாருங்கள், ஏழில் ஈன்றதற்கு 28 சரி, எட்டில் ஈன்றதற்கு மார்ச் 1 சரி. இரண்டும் குட்டி இல்லாமல் இருப்பதால் இப்போது ஒன்றாக்கலாம். யார் கூண்டிலும் விடாமல், கழுவின மூன்றாவது கூண்டில் புது உமி போட்டு இரண்டையும் ஒரே நேரத்தில் விடுங்கள். முன்பே கூட இருந்தவை என்பதால் சில நிமிடம் மோந்து பார்த்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடங்கிவிடும். மயிர் சிலிர்த்துப் பக்கவாட்டில் தள்ளினால் மட்டும் கவனியுங்கள்.

மூன்றாவது தாயை 7ஆம் தேதி பால் மறந்தபின் சேருங்கள், அதற்கு முன் வேண்டாம். மடி வற்ற நாலைந்து நாள் ஆகும், அதுவரை தொட்டுப் பாருங்கள், கெட்டியாகச் சிவந்து சூடாக இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். எடை சினைக்கு முந்தைய அளவுக்குத் திரும்பிய பிறகே ஆணிடம் விடலாம். அப்போது ஸ்மியரோடு.